காத்திருப்போர் குழு

மாமனாரைப் பக்கவாதம் தாக்கியபோது வலக்கையும் வலக்காலும் போனதோடு பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்தது. "அப்புறம்?" என்பதே அந்தச் சொல். பசித்தாலும் அதுதான், படுக்கை நனைந்தாலும் அதுதான், மூத்த மகன் வேலைக்குக் கிளம்புகையில் "வரேம்ப்பா" என்றாலும் அதுதான். மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடுவது உண்டு என்று மருத்துவர் விளக்கினார்.

"ஆயுசு பூரா யார் பேச்சையும் பாதிக்கு மேல கேக்காத மனுஷன் டாக்டர். இப்ப எல்லாருக்கும் அப்புறம் போடறாரு," என்றாள் மூத்த மருமகள். மருத்துவருக்குச் சிரிக்க நேரமில்லை.

அவளை எல்லாரும் அண்ணி என்றே வழங்கினர். கொழுந்தனின் வாயிலிருந்து புறப்பட்ட அழைப்பு, பால் கொண்டுவருபவர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை நிலைத்துவிட்டது. அவளுடைய கணவன் சரக்குக் கிடங்கு ஒன்றில் மேற்பார்வையாளன். விடிந்ததும் போய் இருட்டியபின் திரும்புகிறவன். கொழுந்தனோ படித்தவன். பல்கலைக்கழகத்து நல்வாழ்வு ஆய்வு மையத்தில் தற்காலிக ஆய்வாளன். யோகா மனிதரின் உடம்புக்கும் மனத்துக்கும் சமூகத்துக்கும் என்ன செய்கிறது என்பதை அளந்து எண்ணாக்குவது அம்மையத்தின் பணி. வீட்டில் நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு யோகாவினால் விளையும் நன்மை என்ன என்பதே அவன் கையிலிருந்த ஆய்வு. அது கரை சேர்ந்தால் வேலை நிரந்தரம் என்று பேராசிரியை வாக்களித்திருந்தார்.

"அண்ணி, ஒரு உதவி," என்றான் ஒரு நாள், சோற்றுத் தட்டின் முன் அமர்ந்தபடி.

"உப்பு அங்கதான் இருக்கு தம்பி."

"உப்பில்ல. எங்க ஆய்வுக்கு ஆள் குறையுது. வீட்டோட இருந்து நோயாளியைப் பாத்துக்கற பெண்கள் வேணும். எங்க தேடியும் கிடைக்கல."

அண்ணி மாமனாரின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "எங்கெல்லாம் தேடின?"

அவனுக்கு அது உறைக்கவில்லை. அன்று மாலையே கேள்விகளை எடுத்துக்கொண்டு அமர்ந்துவிட்டான். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள், முதுகுவலி உண்டா, கடந்த வாரத்தில் மகிழ்ச்சியாக உணர்ந்தது எப்போதுமா, பல சமயமா, சில சமயமா, ஒருபோதும் இல்லையா என்றெல்லாம் கேட்டான். நோயாளியைக் கவனிப்பதில் குடும்பத்தில் மற்றவர்கள் பங்கேற்கிறார்களா என்ற இடத்துக்கு வந்தபோது அண்ணி புன்னகைத்தாள்.

"அதை நீயே எழுதிக்கோ தம்பி. உனக்குத் தெரியாததா?"

அவன் குனிந்த தலை நிமிராமல் ஏதோ எழுதினான். என்ன எழுதினான் என்று அவளும் எட்டிப் பார்க்கவில்லை.

முதுகு ஒடிந்துவிடும் போலிருந்த காலம் அது. யோகா கற்றுக்கொண்டால் நிமிர்ந்து நடக்கலாம் என்று அவளுக்கு உள்ளூர ஆசை. ஆனால் வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் பயிற்சி. மீதிப் பாதி ஒப்பிட்டுப் பார்க்க. யார் எந்தப் பாதி என்பதைக் கணினி சீட்டுப் போட்டுத் தீர்மானித்தது. அண்ணி இரண்டாம் பாதியில் விழுந்தாள்.

"காத்திருப்புக் குழு அண்ணி. ஆய்வு முடிஞ்சதும் உங்களுக்கும் யோகா உண்டு. அதுவரைக்கும் நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம். வாராவாரம் வந்து அளவு மட்டும் குடுத்தாப் போதும்."

"ஒண்ணுமே பண்ண வேண்டாமா? இந்த வீட்டுக்கு வந்த நாளா ஒருத்தர் வாயிலேருந்து இப்பத்தான் அதைக் கேக்கறேன்."

வியாழக்கிழமை காத்திருப்புக் குழுவின் முறை. நண்பகல் சாய்ந்ததும் மையத்திலிருந்து ஒரு நர்சுப் பயிற்சிப் பெண் வீட்டுக்கு வருவாள். அண்ணி திரும்பும்வரை மாமனார் அவள் பொறுப்பு. யோகா குழுவினருக்கும் அவர்கள் பயிலும் நாள்களில் இவ்வாறே ஏற்பாடு. இல்லாவிட்டால் எந்தப் பெண் வீட்டைவிட்டு வர முடியும்? பேராசிரியை யோசித்துச் செய்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை.

மைய நடையின் கோடியில், சுருட்டி வைத்த பாய்கள் அடுக்கிய அறைக்கு எதிரே, காத்திருக்கும் அறை இருந்தது. ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்த ஆரஞ்சு நிற நாற்காலிகள். ஒருவர் எழுந்தால் மற்றவர் ஆடவேண்டும். மூலையில் தண்ணீர் இயந்திரம் அவ்வப்போது ஏப்பம் விட்டது. சன்னலுக்கு வெளியே மிதிவண்டிகள் சாய்ந்து நின்றன. நெஞ்சுத் துடிப்பை அளக்கும் கருவி ஒன்றே ஒன்றுதான். அதுவும் முணுக்கென்றால் நின்றுவிடும். ஆகவே வந்தவர்கள் எல்லாரும் முறை வரும்வரை பிற்பகல் முழுதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது.

முதல் வியாழனன்று ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. துடிப்பை அளந்த பின்பு, எச்சில் சேகரிக்க ஆளுக்கொரு சிறு குழாய் தந்தார்கள். மனத்தின் அழுத்தம் எச்சிலில் தெரியுமாம். அண்ணிக்கு நா வறண்டு ஒரு சொட்டும் வரவில்லை. குழாயை வாயருகே வைத்துக்கொண்டு அசடு வழிய உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக ஒருத்தி. ரவிக்கையின் மேல்மடிப்பில் ஊசிகள் குத்தியிருந்தன. தையற்காரி என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவள் குனிந்து, குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"யாரையாவது மனசுல நினைச்சுக்கிட்டுத் துப்புக்கா. தானா வரும்."

அறை ஒரு கணம் திகைத்தது. பிறகு கோடி நாற்காலியில் கண்ணாடி அணிந்து விறைப்பாக அமர்ந்திருந்த முதியவள் குபீரென்று சிரித்தாள். அச்சிரிப்பில் நாற்காலிகள் யாவும் ஆடின. அண்ணி யாரை நினைத்தாள் என்பதை எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் குழாய் நிரம்பிற்று.

அந்த முதியவள் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள். ஞாபக மறதி நோய் கண்ட கணவனைப் பார்த்துக்கொள்கிறாள். அவன் அவளைத் தன் தாய் என்று கருதிவிட்டான். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் என் சொல்லுக்கு அடங்கறாரு. பல்லு தேய்க்காட்டி அடிச்சிருவேன்னா ஓடிப்போய்த் தேய்க்கறாரு," என்பாள். தையற்காரிக்கோ தம்பி, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன். "காலு ரெண்டும் போச்சு, வாயி மட்டும் ரெண்டாளுக்கு இருக்கு," என்பது அவனைப் பற்றிய அவளுடைய வருணனை.

அடுத்தடுத்த வாரங்களில் அவ்வறை வேறோர் இடமாயிற்று. நோயாளியோடு சேர்ந்து தாமும் தேய்ந்துபோன பெண்கள் ஆதலால் எல்லாருடைய உடையும் தொளதொளத்தது. தையற்காரி ஊசியும் நூலும் கொண்டுவந்து ஒவ்வொருத்தியையும் நிற்கவைத்து ரவிக்கையின் கைகளை உடம்பளவுக்குப் பிடித்துத் தைத்தாள். "நில்லுடி நேரா! இப்படி வளைஞ்சா துணிக்கு எங்க போவேன்?" என்று மேனேஜரம்மாவையே அதட்டினாள். காத்திருப்போர் சங்கம் என்று பெயர் சூட்டி, மேனேஜரம்மாவை ஒருமனதாகத் தலைவியாக்கினர். கருவி கெட்டுப்போனதாகச் செய்தி வந்தால் கைதட்டினர். அளப்பவன் வந்து பெயர் கூப்பிட்டால், "அவசரமா தம்பி? வேற ஆளைக் கூப்பிடு," என்று தட்டிக்கழித்தனர்.

ஒரு வியாழனன்று தையற்காரி நூலைப் பல்லால் கடித்தபடி, யாரையும் பாராமல் சொன்னாள்: "சில நாள் காலைல கண்ணு முழிக்கறப்ப, அவன் மூச்சு நின்னுருக்கக் கூடாதான்னு தோணுது. தோணின உடனே ஓடிப்போய் மூக்குல கை வெச்சுப் பாக்கறேன்."

தண்ணீர் இயந்திரம் ஏப்பம் விட்டது.

"எனக்கு வாரத்துக்கு ஒரு தடவை தோணும்," என்றாள் மேனேஜரம்மா, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "பெரும்பாலும் திங்கட்கிழமை."

சிரிப்பு எழுந்தது. அண்ணி சிரிக்கவில்லை, அழுதாள். அழுது முடிந்தபோது, நெஞ்சின்மேல் எவரோ வைத்திருந்த அம்மிக்கல்லை எவரோ எடுத்துக் கீழே வைத்தாற்போலிருந்தது. தனக்கும் அப்படித் தோன்றியதுண்டு என்று அவள் சொல்லவில்லை; சொல்லவேண்டிய தேவை அங்கே இருக்கவில்லை.

வீடு திரும்பியதும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகில் பவுடர் தடவியவாறே, அந்த ஒன்றைத் தவிர மற்ற யாவற்றையும் அவரிடம் கொட்டுவாள்.

"மேனேஜரம்மா வீட்டுக்காரரு பள்ளிக்கூடம் போகமாட்டேன்னு கதவைச் சாத்திக்கிட்டாராம் மாமா."

"அப்புறம்?"

"இன்னிக்கு லீவுன்னு சொன்ன பிறகுதான் திறந்தாராம்."

"அப்புறம்?" என்பார் அவர், வாயின் இடப்பக்கம் மட்டும் கோணி. அதுதான் அவருடைய சிரிப்பு என்பதை அவள் ஒருத்தியே அறிவாள்.

அவள் உறங்கத் தொடங்கினாள். முதுகு வலித்தது, ஆனால் வலியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வியாழக்கிழமை இருந்தது. கேள்வித்தாளில் 'சில சமயம்' என்பதைத் தாண்டி, ஒரு வாரம் துணிந்து 'பல சமயம்' என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

அங்கேதான் வினை முளைத்தது.

ஒரு மாலை கொழுந்தன் முகத்தில் ஈயாடாமல் வீட்டுக்கு வந்தான். காலணியைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. வீட்ல மறைவா ஏதாவது பயிற்சி பண்றீங்களா? மூச்சை இழுத்து விடறது, குனிஞ்சு நிமிர்றது, இப்படி?"

"உங்கப்பாவைத் தூக்கறதுக்குக் குனிஞ்சு நிமிராம எப்படிப்பா?"

"விளையாடாதீங்க. காத்திருப்புக் குழுவுல எல்லாருக்கும் நல்வாழ்வு அளவு ஏறிக்கிட்டே போகுது. யோகா குழுவுக்கும் உங்களுக்கும் வித்தியாசமே இல்லை. பேராசிரியை என்னைக் கூப்பிட்டு வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. யாரோ வகுப்புல நடக்கறதை உங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்கன்னு சந்தேகப்படறாங்க."

"அளவு ஏறினா நல்லதுதானே தம்பி?"

"நல்லது எங்க? ஒண்ணுமே பண்ணாதவங்களுக்கும் நல்லாயிட்டா, யோகாவால ஆச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

அவன் கண் கலங்கியிருப்பதைக் கண்டு அண்ணிக்கு மனம் இளகிவிட்டது. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது பள்ளிச் சீருடையில் நின்ற பிள்ளை. அவனுக்கு உதவியாக இருக்கட்டுமென்று, அடுப்பைத் தணித்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னாள். யோகாவுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை, உட்கார்ந்து பேசுகிறோம், அவ்வளவே. பிற்பகல் முழுதும் ஒருத்தரும் நம்மைக் கூப்பிடாத ஓரிடம், நம்மைப் போலவே அல்லல்படுகிறவர்கள் பக்கத்தில், வாய்விட்டுச் சிரிப்பு. சொல்லச் சொல்ல அவளுக்கே பெருமையாக இருந்தது. ஏதோ அரிய மருந்தைக் கண்டுபிடித்து அவன் கையில் கொடுப்பதாக எண்ணினாள்.

கொழுந்தனின் முகம் மலர்ந்தது. "அண்ணி! பிரச்சினையைக் கண்டுபிடிச்சுக் குடுத்துட்டீங்க!" என்றான். அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிரச்சினை என்ற சொல் அவள் காதில் சரியாக ஏறவில்லை.

அடுத்த வியாழனன்று நர்சுப் பெண் வந்தவுடனே, "ஒரு மணி நேரம்தான் ஆன்ட்டி. இனிமே அப்படித்தான் சொல்லியிருக்காங்க," என்றாள். அண்ணி புடைவையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினாள். காத்திருக்கும் அறையில் இரும்புச் சட்டம் இருந்த இடத்தில் தரையில் நான்கு துளைகள் இருந்தன. நடுவே ஒற்றை நாற்காலி. ஒவ்வொருத்திக்கும் வேறு நாள், வேறு வேளை. அளக்கிறவன்கூட அவள் முகத்தைப் பாராமல் வேலையைப் பார்த்தான்; பேச்சுக் கொடுக்கக் கூடாதென்று அவனுக்கும் உத்தரவு.

இரண்டு வாரம் பொறுத்தாள். மூன்றாம் வாரம் கொழுந்தனை வழிமறித்தாள்.

"நாற்காலியெல்லாம் எங்க தம்பி?"

"அது கலப்பு அண்ணி. காத்திருப்புக் குழுன்னா அது சுத்தமா இருக்கணும். நீங்க பேசிக்கிட்டதே ஒரு சிகிச்சை மாதிரி ஆயிடுச்சு. அது கலந்துட்டா கணக்குல யோகா தெரியாது."

"அப்ப எங்களுக்கு நல்லாகாம இருந்தாத்தான் உன் கணக்கு சரியாகும்."

"அப்படிச் சொல்லக் கூடாது..."

"வேற எப்படிச் சொல்றது? நீ படிச்சவன், சொல்லு."

அவன் கையைப் பிசைந்தான். "கொஞ்ச காலம்தான் அண்ணி. என் வேலையே இதுல தொங்குது. முடிஞ்சதும் உங்களுக்கும் யோகா உண்டுல்ல?"

கணவனிடம் கேட்டாள். தான் சங்கத்தாரைப் போய்ப் பார்த்துவர, வாரத்தில் ஒரு பிற்பகல் தகப்பனாரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று. கிடங்கில் சரக்கு வந்து இறங்கும் நாளே வியாழன் என்றான் அவன். வேறு நாள்? வேறு நாள்களில் சரக்கு ஏற்றுவார்கள். "அதான் தம்பி அந்தப் பொண்ணை அனுப்பறானே," என்று முடித்தான்.

தொலைபேசி இல்லையா என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் இவளுக்கு ஓய்ந்த வேளையில் மேனேஜரம்மாவின் வீட்டில் கணவனைக் குளிப்பாட்டும் வேளை. தையற்காரி எடுத்தாலோ, பக்கத்துக் கட்டிலிலிருந்து தம்பி செவியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "ம்... ஆமாக்கா... சரிக்கா... நல்லாத்தான் இருக்கோம்," என்பதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. யாரைப் பற்றிப் பேசவேண்டுமோ அவர் காதுபடப் பேச எவருக்கு வாய் வரும்? நல்லாத்தான் இருக்கோம் என்பதைக் கேட்டுக்கேட்டு இருவருக்கும் அலுத்தது. அழைப்புகள் அருகின, பிறகு நின்றன. ஒருமுறை தையற்காரியே அழைத்து, இனித் தான் மையத்துக்குப் போவதாயில்லை என்றாள். "நீங்கள்லாம் இல்லாத இடத்துல போய் எதுக்குக்கா துப்பணும்? இங்கயே துப்பிக்கறேன்." அண்ணி சிரித்தாள். தையற்காரி சிரிக்கவில்லை.

அண்ணி மட்டும் கடைசிவரை போனாள். கொழுந்தனின் வேலை அல்லவா? மகிழ்ச்சியாக உணர்ந்தீர்களா என்ற கேள்விக்கு உண்மையையே சொன்னாள். உறக்கம் போயிற்று. பவுடர் தடவும்போது மாமனார் "அப்புறம்?" என்று கேட்டால், "என்ன அப்புறம்? வேற வேலையில்ல உங்களுக்கு?" என்று எரிந்து விழுந்தாள். எரிந்து விழுந்த நாள்களில் அவர் வாயை இறுக மூடிக்கொண்டு உண்ண மறுத்தார்.

ஆய்வு முடிந்தது. முடிவுகளை அறிவிக்கும் கூட்டத்துக்குக் கொழுந்தன் அண்ணனையும் அண்ணியையும் வரச் சொன்னான். அன்றைக்கு நர்சுப் பெண்ணை முழுப் பிற்பகலுக்கும் அவனே வரவழைத்தான். அண்ணிக்கு ஆவல் கூட்டத்தில் இல்லை. ஆய்வில் இருந்த பெண்கள் எல்லாரும் வருவார்கள் அல்லவா? தையற்காரி கை பிடித்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைத் தேடி எடுத்து அணிந்துகொண்டாள்.

மண்டபத்தின் முன்வரிசைகளில் யோகா குழுவினர் அமர்ந்திருந்தனர். ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, கலகலவென்று பேசிக்கொண்டு, ஒருத்தி கொண்டுவந்த நெல்லிக்காயை மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டு. அண்ணி ஒவ்வொரு வரிசையாகப் பார்வையைச் செலுத்தினாள். கண்ணாடி அணிந்த விறைப்பான முகம் எங்கும் இல்லை. ஊசி குத்திய ரவிக்கை எங்கும் இல்லை.

"காத்திருந்தவங்க எங்க தம்பி?"

"அவங்களைக் கூப்பிடலை அண்ணி. அவங்ககிட்டதான் காட்டறதுக்கு ஒண்ணுமில்லையே. நீங்க நம்ம வீட்டு ஆளா வந்திருக்கீங்க."

திரையில் இரண்டு கோடுகள் தோன்றின. பச்சைக் கோடு யோகா குழு. அது ஏறி உயரத்தில் நின்றது. சாம்பல் நிறக் கோடு காத்திருப்புக் குழு. அதுவும் பச்சையோடு கைகோத்து ஏறியது. பாதி வழியில் மடிந்து, கால் தடுக்கியவரைப் போலக் கீழே சரிந்தது. அது மடிந்த இடம் எதுவென்று எவரும் அண்ணிக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தரையில் நான்கு துளைகள் இருந்தன. கோட்டின் ஓரத்தில் 'ஒருவர் விலகினார். காரணம் அறியப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

தொடக்கத்தில் ஏறிய சாம்பல் கோடு பின்னர் ஏன் இறங்கியது என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "தொடக்க வாரங்களில் அளவிடும் சூழலில் ஒரு பிழை இருந்தது, அது கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது," என்று விடையளித்தான் கொழுந்தன். பேராசிரியை தலையசைத்தார். கைதட்டல் எழுந்தது.

அண்ணி எழுந்து நின்றுவிட்டாள். ஏன் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. கணவன் முந்தானையைப் பிடித்து இழுத்தான். ஒலிவாங்கியுடன் ஒருவன் ஓடி வந்தான்.

"இந்த ஆராய்ச்சி முடிஞ்சப்புறம், அந்த நர்சுப் பொண்ணு வருமா?"

மண்டபத்தில் இலேசான சிரிப்பு. பேராசிரியை கனிவாகவே விடையிறுத்தார்: "நல்ல கேள்விம்மா. ஆனா அது இந்த ஆய்வுல நாங்க எடுத்துக்கிட்ட கேள்வி இல்லை."

பேராசிரியை வாக்குத் தவறவில்லை. கொழுந்தனின் வேலை நிரந்தரமாயிற்று. காத்திருந்தவர்களுக்கு அளித்த வாக்கையும் அவர் தவறவில்லை. யோகா அவர்களுடைய கைப்பேசிக்குக் காணொளியாக வந்து சேர்ந்தது. அண்ணி அதை மருந்துப் புட்டியின்மேல் சாய்த்து வைத்து ஒருநாள் காலையில் ஓடவிட்டுப் பார்த்தாள். கடற்கரையில் அமர்ந்த ஒருத்தி, எல்லாக் கவலையையும் மூச்சோடு வெளியே விடுங்கள் என்றாள். "அப்புறம்?" என்று பின்னாலிருந்து மாமனார் குரல் கொடுத்தார். படுக்கை நனைந்திருந்தது.

சில மாதம் சென்று கொழுந்தன் மீண்டும் சமையலறை வாசலுக்கு வந்தான். இம்முறை முகம் விளக்குப் போட்டாற்போலிருந்தது.

"அண்ணி, உங்களுக்குத்தான் முதல்ல சொல்றேன். புது ஆய்வு கிடைச்சிருக்கு. எல்லாம் உங்களாலதான்!"

"என்னாலயா?"

"அன்னிக்குச் சொன்னீங்களே, உக்காந்து பேசினாலே நல்லாகுதுன்னு. அதுதான் தலைப்பே. ஒரு குழு சேர்ந்து உக்காந்து பேசும். ஒரு குழு தனியா உக்காரும். வாராவாரம், பிற்பகல் முழுக்க. வீட்டுக்கு நர்சும் அனுப்பறோம்."

அண்ணியின் கையிலிருந்த கரண்டி தானே நின்றது. அந்த ஆரஞ்சு நாற்காலிகள் அவள் கண்முன் வந்து வரிசையாக நின்றன. "சங்கத்துல எல்லாரையும் கூப்பிடுவியா தம்பி? தையல்காரம்மாவுக்கு நான் போன் பண்றேன். மேனேஜரம்மா வராம இருக்கவேமாட்டாங்க..."

"இல்ல அண்ணி," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "பழைய ஆளுங்களைச் சேர்க்க முடியாது. உங்களுக்கெல்லாம் ஏற்கெனவே விஷயம் தெரியுமே. தெரிஞ்சவங்களைச் சேர்த்தா முடிவு செல்லாது. எல்லாரும் புது ஆளா இருக்கணும்."

அவள் கரண்டியை மீண்டும் சுழற்றினாள்.

"ஆனா ஒரு உதவி மட்டும் வேணும். அந்த அறையில நீங்க என்னெல்லாம் பேசினீங்கன்னு எனக்குச் சொன்னாப் போதும். அதை வெச்சு, புதுசா வர்றவங்களுக்கு என்ன பேசணும்னு ஒரு வழிமுறை தயார் பண்ணிடுவேன்."

"அப்பாவுக்கு முதுகு துடைக்கணும். வா, துடைச்சுக்கிட்டே பேசலாம்."

அவன் பின்னாலேயே வந்தான். கட்டிலருகே நின்று கைப்பேசியைப் பதிவுக்கு வைத்தான். அண்ணி மாமனாரின் தோளுக்கடியில் கையைக் கொடுத்தாள். "அந்தப் பக்கம் இடுப்பைப் பிடி," என்றாள். அவன் ஒரு கையில் கைப்பேசியோடு மறுகையை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் தடவினான். ஈரத் துணியின் வாடை எட்டியதும் ஓரடி பின்வாங்கினான். அவள் தனியாகவே புரட்டினாள்.

"சொல்லுங்க அண்ணி. முக்கியமா எதைப் பத்திப் பேசினீங்க?"

அண்ணியின் உள்ளத்தில் தையற்காரி நூலைக் கடித்தாள். மேனேஜரம்மா கண்ணாடியைத் துடைத்தாள். பெரும்பாலும் திங்கட்கிழமை. அந்தச் சொற்கள் இவன் கைக்குப் போனால் என்னவாகும் என்பதை அவள் ஒரு கணம் எண்ணிப் பார்த்தாள். முகம் தெரியாத பெண்களிடம் வரிசை எண்ணிட்டுக் கொடுப்பார்கள். அடுத்த குழுவிடமிருந்து மறைத்து வைப்பார்கள். பிறகு இரண்டு கோடாக வரைந்து, எது சரிந்தது என்று காட்டிக் கைதட்டுவார்கள்.

"ஒண்ணும் பேசல தம்பி," என்றாள். "உக்காந்திருந்தோம்."

"இல்லையே அண்ணி, சிரிச்சோம்னு சொன்னீங்களே?"

"யாரோ துப்பத் தெரியாம முழிச்சாங்க. அதுக்குச் சிரிச்சோம்."

"அப்புறம்?" என்றார் மாமனார், சுவரைப் பார்த்தபடி.

கொழுந்தன் ஆவலோடு கைப்பேசியை அருகே நீட்டினான். தகப்பனாரே தனக்காகப் பரிந்து கேட்டதுபோல் அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அண்ணி பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். காலியாகியிருந்தது.

"அவ்வளவுதான் மாமா," என்றாள். கொழுந்தனின் பக்கம் திரும்பாமலே சேர்த்துக்கொண்டாள்: "கதவைச் சாத்திட்டுப் போ தம்பி. உங்கப்பாவுக்குக் குளிரும்."